புளி போட்டுத் தேய்த்த பழந்தங்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு மாப்பிள்ளையின் வெண்பட்டு வேட்டியில், சரியாக உட்காரும் இடத்தில், இரண்டு தங்க அன்னங்கள் வந்து ஒட்டிக்கொண்டதற்காக நான் அன்றைக்கும் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்பதாக இல்லை. கடைசிப் பத்தியில் எப்படியும் மனம் திருந்திவிடுவேன் என்ற நம்பிக்கையில் படிக்க ஆரம்பித்தவர்கள் இப்போதே எழுந்து வேறு வேலையைப் பார்க்கலாம்.

என் கணவர் வீட்டு உறவில் இந்தக் கதையைச் சொல்லாதவர்கள் கிடையாது. காதுகுத்து, வளைகாப்பு என்று எங்கே நாலு பேர் பந்திக்குக் காத்திருந்தாலும் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "நம்ம ரேவதி மெழுகு பூசுன கதை தெரியுமா?" என்பார். (தெரியாது என்று சொல்ல அங்கே ஆளே இருக்காது. ஆனாலும் சொல்வார்.) அவர்கள் எல்லோரும் மாப்பிள்ளை குனிந்த இடத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அது அநியாயம். ஒரு வழக்கை விசாரிப்பதென்றால் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும்.

முதலில் ஒரு கண்ணாடி. கல்யாணத்துக்கு முன்பு நான் பிரெஞ்சுத் தெருப் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். உரிமையாளர் அம்மாவை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். காரைக்கால் தமிழச்சிதான், கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு வந்துவிடும். மாடிப்படி ஏறும் இடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. அதன் சட்டம் தங்க நிறம், ஆனால் நம் நகைக்கடைத் தங்க நிறம் இல்லை. மேடான இடங்களில் மட்டும் அடக்கமாக ஒளிரும். பூவின் இடுக்கும் இலையின் நரம்பும் கறுத்துக் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்ல பெயர் வாங்கலாம் என்று ஈரத் துணியும் பல்பொடியும் எடுத்துக்கொண்டு போய் ஒரு மூலையைத் தேய்க்க ஆரம்பித்தேன். மதாம் மாடியிலிருந்து போட்ட சத்தத்தில் எனக்குப் புரிந்தது 'கூடாது' என்று அர்த்தம் வரும் 'நோன்' ஒன்றுதான். அதைப் பலமுறை சொன்னார். (இந்தச் சம்பவத்தை என் மாமியாரிடம் நான் சொன்னதில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.)

அழுக்கு என்று நான் நினைத்ததுதான் அழகு என்று மதாம் பிறகு நிதானமாக விளக்கினார். அன்றிலிருந்து எனக்குத் தங்கம் என்றால் அந்த அடங்கிய தங்கம்தான். மற்றதெல்லாம் ஜிகினா.

கல்யாணமாகிச் சாரத்தில் இருக்கும் கணவர் வீட்டுக்கு வந்த பிறகு சீர்த்தட்டு அலங்காரம், பெயர்ப்பலகை, படச்சட்டம் என்று கைவேலை செய்யத் தொடங்கினேன். செய்த இடம் எங்கள் கட்டில். பசை காய்வதற்குக் கட்டில், கணவர் படுப்பதற்குத் தரை என்று ஏற்பாடு. அவர் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற மனிதர், எங்கே போட்டாலும் தூங்கிவிடுவார். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை, ஏனென்றால் தெருவைப் பார்த்த முன்னறை ஒன்று பழைய சைக்கிளோடும் உடைந்த கிரைண்டரோடும் சும்மா கிடந்தது. எனக்கு அந்த அறை வேண்டும். ஒரு பலகையை மாட்டி, ஒரு மேசையைப் போட்டு, வருகிறவர்களை 'உட்காருங்க' என்று சொல்ல வேண்டும்.

என் மாமியாருக்கு அந்த அறையை ஜெராக்ஸ் கடைக்கு விட வேண்டும். ஜெராக்ஸ்காரர் வந்து பிளக் பாயிண்ட் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக்கூடப் போய்விட்டார். அத்தை கெட்டவர் இல்லை. நான் செய்வதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைத்தார், அவ்வளவுதான். "பொழுதுபோக்குக்கு எதுக்கும்மா ரூமு? கோலம் போடறவங்க எல்லாம் ரூமா கேக்குறாங்க?" என்றார். நான் விடவில்லை. சோறு போடும்போதும் கேட்டேன், துணி காயப்போடும்போதும் கேட்டேன். கடைசியில் அத்தைக்கே அலுத்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் பூங்கொடிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அவள் தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை அருள், தேங்காய்த்திட்டுப் பக்கம். அவருடைய அம்மா அஞ்சலாட்சி துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து மொத்த வியாபாரம் செய்கிறவர். ஒரு கூடையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவார் என்று பேர். அப்படிப்பட்டவர் நம் வீட்டைப் பார்த்து என்ன சொல்வாரோ என்ற கவலையில் அத்தை ஒரு மாதமாக ஜன்னல் கம்பியைக்கூடத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கம்பியைத் துடைத்தபடியே எனக்கு ஒரு வழி சொன்னார். "நிச்சயத்துக்கு அலங்காரம் பூரா நீ பாத்துக்க. சம்பந்தியம்மா வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வரட்டும், ரூம நீ எடுத்துக்க. வரலன்னா சாவி ஜெராக்ஸ்காரனுக்கு. அப்புறம் மூச்சு வுடக்கூடாது."

நான் ஒப்புக்கொண்டேன். தட்டுகளை அத்தை பார்க்கும்படியே அலங்கரித்தேன். ஆனால் அத்தைக்குத் தெரியாமல் ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருந்தேன். அதுதான் மணை.

எங்கள் பக்கத்தில் நிச்சயத்தன்று மாப்பிள்ளையையும் பெண்ணையும் மணையில் உட்கார வைத்துச் சந்தனம் பூசி நலங்கு வைப்போம். வசதி இருப்பவர்கள் பித்தளைத் தகடு அடித்த மணையை வாடகைக்கு எடுப்பார்கள். இல்லாதவர்கள் பலகையில் கோலம் போட்டுச் சமாளிப்பார்கள். நான் இருவர் உட்காரும் நீளத்தில் ஒரு வெறும் பலகையை வாங்கி, அதைப் பார்த்தால் பித்தளைத் தகடு என்று சத்தியம் செய்யும்படி ஆக்குவது என்று முடிவு செய்தேன். மெட்டாலிக் வேக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. சின்ன டப்பாவில் வரும் மெழுகுப் பசை. விரலால் தொட்டுத் தேய்த்தால் மரம், மண், அட்டை எதுவும் உலோகமாகத் தெரியும். காய்ந்த பிறகு மெல்லிய துணியால் மெருகேற்ற வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், எந்த உலோகம் என்று தேர்ந்தெடுப்பதில். பளிச் தங்கம், பழந்தங்கம், ரோஸ் கோல்டு, செம்பு, வெண்கலம், ஈயம் என்று வரிசையாக இருக்கிறது. போனில் பார்த்தால் எல்லாம் அழகு. டப்பாவைத் திறந்தால் எல்லாம் வேறு. ஒரு புடவை எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிறவள் நான்; மெழுகை ஒரே பார்வையில் எடுத்துவிடுவேனா? ஆறையும் வாங்கினேன்.

வாங்கியதும் சோதனை. அட்டைத் துண்டுகளில் வெள்ளை, கறுப்பு, செங்கல் நிறம் என்று அடியில் வண்ணம் அடித்து, மேலே ஒவ்வொரு மெழுகையும் தேய்த்துப் பார்த்தேன். மெழுகைவிட அடியில் இருக்கும் வண்ணம்தான் முக்கியம் என்று அப்போது புரிந்தது. வெள்ளையின் மேல் தங்கம் தேய்த்தால் வெற்றிலை போட்ட பல் மாதிரி இருந்தது. கறுப்பின் மேல் கம்பீரமாக இருந்தது, ஆனால் கொஞ்சம் துக்க வீட்டுக் கம்பீரம். செங்கல் நிறத்தின் மேல் பழந்தங்கம் பூசியபோது மதாம் வீட்டுக் கண்ணாடி என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்துகிற ஆளா? அட்டை தீர்ந்ததும் வீட்டில் இறங்கினேன். அலமாரிக் கைப்பிடி வெண்கலமானது. கொசுவர்த்தித் தட்டு ஈயமானது. பிரிட்ஜ் கதவின் ஓரத்தைச் செம்பாக்கினேன். கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, வழக்கம்போல் பிரிட்ஜில் சாய்ந்து தண்ணீர் குடித்தார். யூனிபார்ம் சட்டையின் முழங்கையில் செம்பு ஏறிவிட்டது. காயாத மெழுகு துணியில் ஒட்டும் என்பதை அன்றைக்கே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் அந்தச் செம்பு நிறம் துணியில்கூட எடுப்பாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அபிப்பிராயம் கேட்டது அடுத்த தப்பு. பூங்கொடிக்கு ரோஸ் கோல்டுதான் வேண்டும். ரீல்ஸில் எல்லாக் கல்யாணமும் அந்த நிறத்தில்தான் நடக்கிறதாம். அட்டைகளைக் கணவரிடம் நீட்டினேன். அவர் இரண்டை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான் ரேவதி. இது கழுவி வெச்சது, இது கழுவாதது" என்றார். கழுவாதது என்று அவர் சொன்னதுதான் பழந்தங்கம். இந்த வீட்டுக் கண்ணே அப்படித்தான் என்று நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

வேலையை முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். மருதாணிக் கூம்பில் கெட்டிப் பசையை நிரப்பி, மேலே எழும்பி நிற்கும்படி இரண்டு அன்னங்களை எதிரெதிராக வரைந்தேன். சுற்றிலும் கொடி. காய்ந்ததும் செங்கல் நிறம். அதன் மேல் பழந்தங்கம், மெல்லிசாக, மூச்சு விடாமல், கணவரின் பழைய பனியனால் மெருகேற்றி. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்று கட்டளைகள் இருந்தன. கொஞ்சமாகப் பூசு. நன்றாகக் காய விடு. சூடு காட்டாதே. மூன்றையும் வேதவாக்காகக் கடைப்பிடித்தேன். இதை நீதிமன்றம் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிச்சயத்துக்கு முதல் நாள் அது காய்ந்து, இறுகி, விரலில் பொட்டுக்கூட ஒட்டாமல் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட அழகாக நான் இன்றுவரை எதையும் செய்யவில்லை. ஒரு துணியைப் போர்த்தி வைத்துவிட்டு, "மணை ரெடி அத்தை, முன்னறையில இருக்குது" என்று மட்டும் சொன்னேன். நானே செய்தேன் என்று சொல்லவில்லை. சபையில் எல்லோரும் பாராட்டும்போது எழுந்து நின்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஆசை.

மறுநாள் விடிந்ததும் பின்கட்டில் நார் வைத்துத் தேய்க்கும் சத்தம் கேட்டது. அத்தை குத்துவிளக்குகளை விளக்குகிறார் என்று நினைத்துப் பல் தேய்க்கப் போனேன். குத்துவிளக்குகள் ஏற்கெனவே பளபளவென்று வரிசையாக நின்றன. அத்தையின் காலடியில் புளிக்கரைசல் கிண்ணம். கையில் தேங்காய் நார். முன்னால், முன்னறையிலிருந்து இழுத்து வந்த என் மணை.

"வாடகைக்கு வுடறவனுங்க இப்படியா கறுத்துப்போன பித்தளைய எடுத்தாந்து குடுப்பானுங்க? நீயும் பாக்காம வாங்கியாந்துட்ட. தேச்சுக்கிட்டே இருக்கறேன், வெளுக்கவே மாட்டுது. அடியில செங்காவியா வருது பாரு" என்றார். அவர் நெற்றியில் வியர்வை. பெண்ணின் நிச்சயம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று விடியற்காலையில் எழுந்து, இடுப்பு வலியோடு, என் வாழ்நாள் சாதனையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அது மரம், அது மெழுகு, அது நான் செய்தது என்று கத்த வாய் திறந்தேன். அப்போது ஜெராக்ஸ்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. அலங்காரம் பாழ் என்று காலையிலேயே தெரிந்தால் சாவி மத்தியானமே கைமாறிவிடும். "குடுங்க அத்தை, மீதிய நான் தேச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு முன்னறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டேன்.

ஒரு அன்னத்துக்குத் தலை இருந்தது, உடம்பு இல்லை. இன்னொன்றுக்கு நேர்மாறு. கொடியெல்லாம் சொறி பிடித்த மாதிரி. பழந்தங்க டப்பாவில் ஒரு விரலுக்குக்கூட மீதமில்லை. பளிச் தங்கம் மட்டும் நிறைய இருந்தது. அத்தைக்குப் பிடித்தது இதுதானே, இந்தா பிடி என்று அதை எடுத்தேன். கொஞ்சமாகப் பூசு என்பது முதல் கட்டளை. தோசைக்கு வெண்ணெய் தடவுவதுபோலத் தடவினேன். நன்றாகக் காய விடு என்பது இரண்டாவது; மாப்பிள்ளை வீட்டார் வேன் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. சூடு காட்டாதே என்பது மூன்றாவது. பூங்கொடியின் ஹேர் டிரையரை எடுத்து முழு வேகத்தில் வைத்தேன்.

அப்போதுதான் அது என்னை ஏமாற்றியது. சூட்டில் மெழுகு உருகி ஓடி, பூசிய கோடெல்லாம் மறைந்து, கண்ணைப் பறிக்கிற மாதிரி மினுங்கியது. காய்ந்துவிட்டது என்று என்னையே நான் நம்ப வைத்தேன். சுண்டு விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலில் தங்கம். அதை நைட்டியில் துடைத்துவிட்டு, இது சும்மா மேலே நின்ற மெழுகு என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்தேன். (அந்த நைட்டி இன்னும் இருக்கிறது. அதில் அந்தத் தங்கமும் இன்னும் இருக்கிறது.)

சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சபை எங்கள் கூடத்திலேயே. நடுவில் மணை, சூரியனுக்குப் பிள்ளை பிறந்த மாதிரி ஜொலித்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார், "பாத்தியா, தேச்சா வராம போவுமா" என்கிற புன்னகை. அஞ்சலாட்சியம்மா நுழைந்ததும் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். மணையை இரண்டு முறை பார்த்தார். போய் உட்கார்ந்தார். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அது வரவில்லை.

அவர்கள் கொண்டுவந்த அரக்கு நிறப் பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டு பூங்கொடி மாற்றிக்கொள்ளப் போனாள். நாங்கள் எடுத்துக்கொடுத்த வெண்பட்டு வேட்டியில் மாப்பிள்ளை வந்து மணையின் நடுவில் அமர்ந்தார். அந்த நொடியில் கரண்ட் போனது. கத்திரி வெயில். கூடம் நிறைய ஆள். உள்ளே பூங்கொடிக்குக் கொசுவம் சரியாக வரவில்லை. மாப்பிள்ளை சாதுவானவர், விசிறி கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் இருந்த பெரியவருக்கு வீசினார். அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அசையாத ஒவ்வொரு நிமிடமும் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. (இந்த வீட்டில் அன்றைக்குப் புளிக்கு இரண்டாவது வேலை.)

பெண் வருவதற்குள் மாப்பிள்ளை பெரியவர்களிடம் ஆசி வாங்கிவிடட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னார். மாப்பிள்ளை எழுந்தார். எழும்போது பால்கோவாவிலிருந்து காகிதத்தை உரிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது. எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவர் சபைக்கு முதுகைக் காட்டி, என் மாமனார் மாமியார் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

இரண்டு அன்னங்கள். ஒரு இறகு குறையவில்லை. மணையில்கூட அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை. அவர் எழுந்து அடுத்த பெரியவரிடம் நடந்தபோது இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக நீந்திப் போயின. பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் ஏன் அங்கேயே பார்க்கிறார்கள் என்று அவரும் திரும்பிப் பார்த்தார். வாலைப் பிடிக்கப் போகும் கன்றுக்குட்டி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றியதில், பார்க்காமல் விட்டவர்களும் பார்த்துவிட்டார்கள்.

அஞ்சலாட்சியம்மா எழுந்து வந்தார். மகனைத் திருப்பி நிறுத்தினார். ஒரு அன்னத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு சபையைப் பார்த்து, "இது யாரு வேல?" என்றார்.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. சமையலறை வழியாகப் பின்கட்டுக்கு வழி இருந்தது. ஆனால் அப்படி ஓடினால் அந்த மணை யாருடையதும் இல்லாத ஒரு வாடகைச் சாமானாகப் போய்விடும். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. "என் வேலதாங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். ஒரு ஜமுக்காளத்தைப் போட்டு மணையை மூடிவிட்டு மேற்கொண்டு நடத்தலாம் என்று காதோடு சொன்னார். புத்தியுள்ளவள் சரி என்றிருப்பாள். "மூடறதுக்கா அத்தை செஞ்சேன்? நான் செஞ்சு வெச்சது இது இல்ல. இத நீங்க புளி போட்டுத் தேய்க்காம இருந்தா இந்நேரம் ஒண்ணும் ஆயிருக்காது" என்று சபையில் போட்டு உடைத்துவிட்டேன். மாமியாரைச் சம்பந்தி முன்னால் காட்டிக்கொடுத்த மருமகள் என்ற பட்டம் அன்றைக்கே கிடைத்தது. வாங்கிக்கொண்டேன்.

அத்தையின் முகம் சுண்டிவிட்டது. "எனக்கு இன்னா தெரியும்? பித்தளைன்னு நெனச்சேன். பித்தளைத் தகடு கறுத்துக் கெடக்குதேன்னு தேச்சேன்" என்றார்.

அஞ்சலாட்சியம்மா மணையைப் பார்த்தார். குனிந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, காலை அகட்டி வைத்து, பித்தளைக் கனத்துக்குத் தயாராக இரண்டு கையாலும் தூக்கினார். அது வெறும் பலகை. தூக்கிய வேகத்தில் தலைக்கு மேலே போய்விட்டது. பின்னால் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். அவர் அதைக் கீழே இறக்கி, திருப்பி, அடிப்பக்கத்து மரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு மணையைப் பழையபடி தரையில் வைத்தார்.

"செவுளத் தூக்கிப் பாக்காம ஒரு மீன நான் எடுத்தது இல்ல. நானே இத உள்ள வந்ததும் பாத்துட்டு, பரவால்ல, நல்ல கனமான பித்தளையாத்தான் போட்டுருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பாராட்டை நான் வாங்கியதில்லை, அதுவும் மாப்பிள்ளை அந்தக் கோலத்தில் நிற்கும்போது. அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சகுனம் சரியில்லை என்று முணுமுணுத்தார். அஞ்சலாட்சியம்மா திரும்பாமலே பதில் சொன்னார். "மூஞ்சில கரி பூசுனாத்தான் கெட்ட சகுனம். பின்னால தங்கம் ஒட்டுனா அதுல இன்னா கெட்டது? உக்கார்றா அருளு."

அருள் உட்கார்ந்தார். அதற்குள் பூங்கொடி புடவை மாற்றி வந்துவிட்டாள். விஷயம் உள்ளேயே அவள் காதுக்குப் போயிருந்தது. யாரும் வா என்று சொல்லுமுன், ஜமுக்காளத்தோடு நின்ற அத்தையைத் தாண்டி வந்து, புத்தம்புது அரக்குப் பட்டோடு மணையில் உட்கார்ந்தாள். "எங்க அண்ணி எனக்குப் பண்ணது. நான் இதுலதான் உக்காருவேன்" என்றாள். அவளுக்கு ரோஸ் கோல்டு பூசிக் கொடுத்திருக்கலாமே என்று அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்குத் தோன்றியது.

நலங்கு நடந்தது. சந்தனம் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், தட்டு மாற்றினார்கள். எழுந்தபோது பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பொருத்தம் பார்க்க ஜோசியரே வேண்டியதில்லை. கைகழுவும் இடத்தில் மாப்பிள்ளை என்னிடம் வந்து, "இது துவைச்சா போயிடும்ல அக்கா?" என்று பயந்து பயந்து கேட்டார். "போவாதுங்க, நல்ல கம்பெனி" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. மண்ணெண்ணெய் போட்டார்கள், சலவைக் கடையில் கொடுத்தார்கள். அன்னங்கள் கொஞ்சம் கொழுத்தன, அவ்வளவுதான்.

எல்லோரும் போன பிறகு அத்தை என்னோடு பேசவில்லை. பந்தி எடுத்த இலையெல்லாம் போட்டு, பாத்திரம் கவிழ்த்து, கூடம் கழுவி முடிகிறவரை பேசவில்லை. நானும் விடவில்லை. சம்பந்தியம்மா வாயால் வந்துவிட்டது, முன்னறை எனக்குத்தான் என்றேன். அத்தை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர்கள் நம் மானத்தைக் காப்பாற்ற ஒரு பேச்சுக்குச் சொன்னார்கள், அதெல்லாம் கணக்கில் சேராது என்றார்.

"அவங்க சொன்னத வுட்டுடுங்க. நீங்க சொன்னீங்களே" என்றேன்.

"நான் எங்கடி சொன்னேன்?"

"வருசக்கணக்கா பித்தளை தேய்க்கிறவங்க நீங்க. உங்க கையில எடுத்து, புளி கரைச்சு, நாரு போட்டுத் தேச்சும் உங்களுக்கு அது பித்தளையாத்தானே தெரிஞ்சுது. இதுக்கு மேல இன்னா அத்தை சொல்லணும்?"

அத்தை துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே கழுவிய இடத்தையே மறுபடி கழுவினார். அந்த வாரக் கடைசியில் ஜெராக்ஸ்காரர் சாவி கேட்டு வந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். (ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) "ரூமு காலியா இல்லப்பா. அதுக்கு ஆளு வந்துட்டாங்க" என்றார் அத்தை.

இப்போது அந்த முன்னறையில் என் பலகை தொங்குகிறது, மேசை கிடக்கிறது. மணை வேண்டும், சட்டம் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் நிறங்களைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போதே அத்தை உள்ளிருந்து வந்துவிடுவார். "இவ பண்ண மணைய பித்தளைன்னு நெனச்சு நானே புளி போட்டுத் தேச்சுட்டேன், அவ்ளோ அசலா இருந்துச்சு" என்று முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்வார். பாதிப் பேர் அந்தக் கதைக்காகவே ஆர்டர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். செய்து கொடுக்கும் ஒவ்வொரு சாமானோடும் 'புளி ஆகாது' என்று ஒரு சீட்டு ஒட்டி அனுப்புகிறேன். மாப்பிள்ளை அருள் எங்கள் வீட்டுக்கு வந்தால் இன்னமும் நாற்காலியை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் உட்காருகிறார். வேறு வீடுகளிலும் அப்படித்தான் செய்கிறார் என்று பூங்கொடி சொல்கிறாள்.

முன்னறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறேன். மாப்பிள்ளை ஆசி வாங்க விழுந்த அந்தப் படம்தான், போட்டோக்காரர் எடுத்ததிலேயே அதுதான் அருமையாக வந்திருந்தது. பளிச் தங்கத்தில் சட்டம் போடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் செங்கல் நிறம் அடித்து, மேலே பழந்தங்கம் பூசி, இடுக்கெல்லாம் கறுப்பு அப்படியே இருக்கும்படி விட்டேன். பண்டிகைக்கு முன்னால் வீட்டுப் பித்தளையெல்லாம் பின்கட்டுக்குப் போகும் நாளில் அத்தை அந்தச் சட்டத்தின் முன்னால் வந்து கொஞ்ச நேரம் நிற்பார். கை துறுதுறுக்கும். நான் மேசையை விட்டு எழுந்திருப்பதில்லை, பார்த்துக்கொண்டே இருப்பேன். "நல்லாத்தான் இருக்குது, ஒரே ஒரு தடவ லேசா தேச்சா இன்னும் எடுப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.